சிஸ்டர், கண்டதை எழுதுங்கள்

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரம். 2010-இல் அங்கே ஒரு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தாய், தகப்பன் இருவருக்கும் பார்வை கிடையாது. முதல் தடவை பால் கொடுக்கும்போது குழந்தையின் மூக்கு மார்பில் அழுந்திவிட்டது. நர்ஸ் கவனித்துவிட்டார், குழந்தைக்கு நிலையான தீங்கு ஏதும் நேரவில்லை. தலைப்பிரசவத்தில் கண் தெரிந்த தாய்மாருக்கும் நேர்வதுதான். மூக்கருகே ஒரு விரலை வைத்துக்கொள்ளம்மா என்று சொல்லிக் கொடுத்தால் முடிந்துபோகும் காரியம். ஆனால் நர்ஸிடமிருந்து குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போயிற்று.

விசாரிக்க வந்தவர், காய்ச்சல் வந்தால் எப்படிப் பார்ப்பீர்கள் என்றார். பேசும் தெர்மாமீட்டர் இருக்கிறது என்றார் தாய். சமாதானமாகவில்லை. பார்வையுள்ள ஒருவர் 24 மணி நேரமும் கூடவே இருக்க வேண்டுமாம்! இரண்டு நாள் குழந்தையை எடுத்துப்போய் வேறு குடும்பத்தில் விட்டார்கள். திரும்பக் கிடைக்க 57 நாள் ஆயிற்று.

நர்ஸை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. 1962-இல் டாக்டர் ஹென்றி கெம்ப், வீட்டில் அடிபடும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதற்குப்பின் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாமே சட்டம் போட்டன. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், நர்ஸ் தெரிவித்தே ஆக வேண்டும், நிரூபிக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு. சொல்லாமல் விட்டால் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் தண்டனை. வாய் பேசத் தெரியாத குழந்தைக்காக வந்த சட்டம். அது இருக்கத்தான் வேண்டும்.

சந்தேகம் எதன்மேல் என்பதுதான் கேள்வி. தாய்க்குப் பார்வையில்லை என்பது தாயைப் பற்றிய செய்தி. குழந்தைக்கு நேர்ந்த தீங்கு அல்ல. குழந்தைக்கு என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, சொல்லிக்கொடுத்த பிறகு தாய் எப்படிச் செய்தார்? நர்ஸின் குறிப்பில் இவை இருக்க வேண்டும். பார்வையற்ற பெற்றோருக்கென்று கைப்பழக்கங்கள் உண்டு. நடக்கத் தொடங்கிய பிள்ளையின் காலில் மணி கட்டிவிடுவார்கள். நம் வீட்டுக் கொலுசு செய்யும் வேலைதான்!

மாசசூசெட்ஸில் 2012-இல் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஓர் இளம் தாயிடமிருந்தும் இப்படித்தான் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அது 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம் என்று மத்திய அரசின் நீதித்துறையும் நலத்துறையும் 2015 ஜனவரியில் எழுதின. குழந்தை திரும்பி வந்தபோது அதற்கு இரண்டு வயது தாண்டியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு, பாவம் மாற்றுத்திறனாளிகள் என்று யாரும் வாயை மூடிக்கொண்டும் இருந்துவிட வேண்டாம். குழந்தையின் உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம் தெரிந்தால், சொல்லிக்கொடுத்தும் உதவி செய்தும் அது பட்டினியாகவே கிடந்தால், பெற்றவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்.