பருத்திப் பையும் பேசிய கூலியும்

(நம் அறக்கட்டளையின் மகளிர் கைத்தொழில் பயிற்சி வகுப்பு தொடங்கிய நாளில், மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 

கோடை விடுமுறைக்கு இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை, பருத்தி நூலில் ஒரு தோள்பை பின்னுவது. பிள்ளைகளோடு கடற்கரைக்கோ, குற்றாலத்துக்கோ, உறவினர் ஊருக்கோ கிளம்பினால் நம் கையில் என்ன இருக்கும்? இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு முஸல்லா, மக்கனா, துண்டு, சின்னவனுக்கு மாற்றுடுப்பு. இவ்வளவையும் தாங்கும் ஒரு பையை நம் கையாலேயே பின்னப் போகிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆகவே துணிப்பைக்கும் நூல்பைக்கும் இன்று தேவை இருக்கிறது.

கைத்தொழில் நமக்குப் புதிதல்ல. பத்தமடையில் கோரைப்பாய் நெய்வது நம் சமுதாயக் குடும்பங்கள்தாம். நம் வீடுகளில் ஒயர் கூடை பின்னாத தாய்மார்கள் குறைவு. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்த வருமானத்தை ஏழைகளுக்கு ஸதகா செய்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மனைவியர் கைவேலையை இழிவாக எண்ணவில்லை. நாமும் எண்ண வேண்டியதில்லை.

முதலில் பையைச் சொல்கிறோம். பிறகு அதன் கூலியைச் சொல்கிறோம். இரண்டாவதைத்தான் இன்று முக்கியமாகப் பேச வந்திருக்கிறோம்.

திருப்பூர் பனியன் துணியை உற்றுப் பாருங்கள். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி நுழைந்து நுழைந்து வந்திருக்கும். இயந்திரம் செய்யும் அதே வேலையை நாம் இரண்டு ஊசிகளால் செய்கிறோம். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். இழுத்தால் நீளும். பைக்கு இரண்டும் ஆகாது. அதனால் நாம் வேறொரு பின்னலை எடுத்திருக்கிறோம். அரிசி மணியை இறைத்ததுபோல் மேடுமேடாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை அரிசிப் பின்னல் என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். இதன் ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அதிகம் நீளாது.

செய்முறை எளிது. நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கும்போது போடும் கண்ணிக்கு நிட் என்று பெயர். நூலை முன்னால் கொண்டுவந்து போட்டால் பர்ல். ஒரு நிட், ஒரு பர்ல், மீண்டும் ஒரு நிட் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். கண்ணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு வரிசையையும் நிட்டில் தொடங்கி நிட்டிலேயே முடிக்கலாம். வேறு கணக்கு வேண்டாம். நூலை முன்னும் பின்னும் மாற்றும்போது இரண்டு ஊசிகளுக்கு இடையில்தான் கொண்டுபோக வேண்டும். ஊசியின் மேலாகப் போனால் கூடுதலாக ஒரு கண்ணி விழுந்துவிடும். நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

4 மி.மீ. ஊசியும், அதற்கேற்ற நடுத்தரத் தடிமன் உள்ள பருத்தி நூல் சுமார் 250 கிராமும் வேண்டும். முதலில் 25 கண்ணியில் ஒரு சதுர மாதிரி பின்னி, அளந்து, துவைத்து, நிழலில் பரப்பி உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கக்கூடும். 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி வந்தால், 63 கண்ணி ஏற்றினால் பை 35 செ.மீ. அகலம் வரும். 76 செ.மீ. நீளத்துக்கு ஒரே பட்டையாகப் பின்னி, நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் தைத்துவிடலாம். அடியில் தையல் இருக்காது. சுமை தையலில் விழாது. கைப்பிடிக்கு 9 கண்ணியில் 55 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள்.

கம்பளி நூலுக்கு இழுத்தால் திரும்பிவரும் தன்மை உண்டு. பருத்திக்கு அது மிகக் குறைவு. அதனால் கைப்பிடியின் உட்புறம் பருத்தி நாடா வைத்துத் தைக்க வேண்டும். பைக்குள் உள்துணி கொடுக்க வேண்டும். முடிந்ததும் மூன்று கிலோ அரிசியை உள்ளே வைத்து ஓர் இரவு கொக்கியில் மாட்டுங்கள். காலையில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பை தயார் என்று சொல்ல வேண்டும்.

இனி கூலிக்கு வருவோம்.

10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை என்றால் 76 செ.மீ.க்கு 228 வரிசை. 63-ஐ 228-ஆல் பெருக்கினால் 14,364 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் பழகிய கைக்கே இது 12 மணி நேர வேலை. கைப்பிடிகளுக்கு இரண்டரை மணி நேரம். தைக்கவும் உள்துணி வைக்கவும் ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் 16 மணி நேரம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நூலுக்கு 250 ரூபாய், உள்துணிக்கும் நாடாவுக்கும் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வந்தவர் 500 ரூபாய்க்குக் கேட்கிறார். 500 ரூபாய் என்றவுடன் நமக்குப் பெரிய தொகையாகத் தெரிகிறது. ஆனால் கையில் மிஞ்சுவது 200. அதை 16-ஆல் வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டுபவர்கள் இந்த வகுத்தலை மட்டும் செய்து காட்டுவதில்லை.

சகோதரிகளே, இதைச் சொல்வது உங்களை மனம் தளரச் செய்ய அல்ல. "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே" என்று சொல்லித்தான் பெண்களின் கூலி குறைக்கப்படுகிறது. கணவரை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிக்குச் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. அவர் பின்னுவது தூக்கத்திலிருந்து எடுத்த நேரம். அதற்கு விலை உண்டு.

அப்படியானால் என்ன செய்யலாம்? முழுப் பையை வீட்டுக்கும், அன்பளிப்புக்கும், அதன் விலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கேட்பவர்களுக்கும் பின்னுவோம். விற்பனைக்கு வேறு வழி. உங்களில் பலருக்குத் தையல் தெரியும். கெட்டியான பருத்தித் துணியில் பையைத் தைத்து, முன்பக்கத்துப் பாக்கெட்டை மட்டும் அரிசிப் பின்னலில் போடுங்கள். 35 கண்ணி, 60 வரிசை. மொத்தம் 2,100 கண்ணிகள். ஒன்றேமுக்கால் மணி நேரம் போதும். துணிப்பை தைக்க ஒரு மணி நேரம். துணிக்கும் நூலுக்கும் 150 ரூபாய் ஆகி, பை 350-க்குப் போனால் மிஞ்சுவது அதே 200 ரூபாய்தான். ஆனால் 16 மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரத்துக்குள் அது கிடைக்கிறது. பையும் அதிகம் நீளாது. வாங்குபவருக்கும் விலை தாங்கும்.

திருக்குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92-ஆவது வசனத்தை நினைத்துப் பாருங்கள். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணை அல்லாஹ் அங்கே உவமையாகக் காட்டுகிறான். அது கொடுத்த வாக்கை முறிப்பவர்களுக்கான எச்சரிக்கை. நூல் வேலை செய்யும் நமக்கு அந்த உவமை நன்றாகவே புரியும். 200 வரிசை பின்னியதைப் பிரிக்க ஒரு நிமிடம் போதும். வாக்கும் அப்படித்தான். அதனால் இன்று மூன்று தரப்பும் வாக்குக் கொடுத்துக்கொள்வோம்.

அறக்கட்டளையின் சார்பில் நாங்கள் சொல்வது: நூலும் ஊசியும் நாங்கள் தருகிறோம். ஒவ்வொரு பைக்கும் என்ன கூலி என்பதை வேலை தொடங்கும் முன்பே உங்கள் கையேட்டில் எழுதித் தருகிறோம். பையை ஒப்படைக்கும் அன்றே கூலி உங்கள் கைக்கு வரும். பை விற்ற பிறகு பார்க்கலாம் என்று சொல்ல மாட்டோம். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்தது. அறக்கட்டளை என்பதால் எங்களுக்கு அதில் சலுகை இல்லை.

நீங்கள் தர வேண்டியது: சொன்ன நாளில் பை வர வேண்டும். பருத்தி என்று சொன்னால் அது பருத்தியாகவே இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு இழையைக் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாடையோடு மென்மையான சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். மூன்று கிலோவைத் தாங்காத பையை விற்பனைக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்குபவர்களிடம் கேட்பது: பெரிய கடையில் அட்டையில் இருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். நம் மஹல்லாவின் சகோதரி கொண்டுவந்த பையை மட்டும் பாதி விலைக்குக் கேட்கிறோம். அவர் மறுக்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும். மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் பேரம் பேசுவது வியாபாரத் திறமை அல்ல. அவருக்கு உதவி செய்வதாக நினைத்தும் வாங்க வேண்டாம். பை பிடித்திருந்தால் அதன் விலையைக் கொடுத்து வாங்குங்கள், அதுவே போதும்.

கடைசியாக ஒரு செய்தி. ஸ்பெயின் நாட்டின் புர்கோஸ் நகரில், 1275-இல் இறந்த ஓர் இளவரசரின் கல்லறையில் பட்டு நூலில் பின்னிய தலையணை உறை கிடைத்தது. ஐரோப்பாவில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல் வேலைகளில் அதுவும் ஒன்று. முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் ஓரத்தில் அரபு எழுத்தில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நாம் அன்றாடம் துஆவில் கேட்கும் சொல்தான்: பரக்கத்.

நாம் பின்னும் பையில் அந்தச் சொல்லை எழுதப் போவதில்லை. நேர்மையான நூலும், சொன்ன நாளும், பேசிய கூலியும் இருந்தால் பரக்கத்தை அல்லாஹ் தருவான், இன்ஷா அல்லாஹ்.

வகுப்பு வாரத்தில் மூன்று நாட்கள், லுஹர் தொழுகைக்குப் பிறகு நடக்கும். வரும்போது ஒரு அளவு நாடாவும், எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவாருங்கள். கண்ணியை எண்ணுவதோடு மணியையும் எண்ணக் கற்றுக்கொள்வோம்.

அல்லாஹ் நம் கைகளின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.