சட்டை கழலாத பாம்பு

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவியலில் பாம்புச் சட்டை கிடந்தால், முழுசா, துண்டு துண்டா என்று பாருங்கள். நலமான பாம்பு முகத்தைக் கல்லில் தேய்த்து, தலைமுதல் வால்வரை ஒரே உரியாகக் கழற்றும். கண்ணை மூடியிருக்கும் செதிலும் கூடவே வந்துவிடும்!

காற்றில் ஈரம் குறைந்தால் சட்டை கிழிந்து ஒட்டிக்கொள்ளும். வால்நுனியில் வளையமாக இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி அழுகவும் கூடும். பாம்பு பராமரிப்பவர்கள் வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் விட்டு, பிறகு ஈரத்துணிக்குள் ஊர விடுவார்கள். கண்செதிலை மட்டும் பிய்க்க மாட்டார்கள், கண்ணே கெட்டுவிடும்.

நாம் முயல வேண்டாம். நல்லபாம்பையோ சாரையையோ வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிக்கும் பாம்பைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தள்ளியே நில்லுங்கள், சட்டை உரிக்குமுன் கண் மங்கிய நாட்களில் அது சட்டென்று சீறும்.