கஞ்சி வரிசையில் ஒரு படிப்பு

(கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)





ரமலானில் அஸருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் நிற்கிறோம். நிமிடத்துக்கு 6 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 20 நிமிடம் நிற்கிறார்கள் என்றால், வரிசையில் சராசரியாக 120 பேர் இருப்பார்கள். இந்தக் கணக்கை 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்தார். கஞ்சி ஊற்றச் சில விநாடிதான் ஆகும். வாளி மூடியைத் திறப்பதில்தான் நேரம் போகிறது. வரிசையிலேயே மூடியைத் திறந்து வைத்து, காத்திருப்பு 10 நிமிடமாகக் குறைந்தால், வரிசை 60 பேராகிவிடும். அண்டாவும் அதே, கரண்டியும் அதே.

ஆள், இயந்திரம், பொருள், நேரம் எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்துப் பார்க்கும் படிப்புதான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். பொன்மலை ரயில்வே பணிமனைக்கும், திருவெறும்பூர் பெல் ஆலைக்கும், வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் திரளும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும், ஆஸ்பத்திரிக்கும், விமான நிலையத்துக்கும் இந்த அறிவு தேவை.

இதை எங்கே படிப்பது? கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். அதில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. நம் துவாக்குடியில், 1964-இல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கிய என்.ஐ.டி.யில், இதற்கு நெருங்கிய புரொடக்சன் இன்ஜினியரிங் இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே. பக்கத்திலேயே இருக்கும் அந்த வாசலுக்கு நம் பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே தயாராக வேண்டும்.

"புரொடக்சனா? பட்டறை வேலையாச்சே, பெண் பிள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்டு, கிடைத்த நல்ல இடத்தை விட்டுவிடுகிறோம். பிறகு நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சீட் வாங்குகிறோம். இந்தப் படிப்பில் சுத்தியலைவிடக் கணக்கும் புள்ளியியலும்தான் அதிகம். ஆண், பெண் பேதமில்லை. அதற்காக, படித்ததும் வேலை தேடி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆலை வேலையென்றால் ஷிஃப்ட் இருக்கும், வெளியூர் போக நேரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அத்தாமார்களே, அம்மாமார்களே! விருப்பப் பட்டியலை நிரப்புமுன் ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். கணக்கில் ஆர்வமும், "இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே" என்ற எண்ணமும் உள்ள பிள்ளையாக இருந்தால், இந்தப் பெயரையும் பட்டியலில் எழுதுங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.