கிண்டி தந்த இரு ஆட்டக்காரர்கள்

பொறியியல் பயிலும் மாணவனுக்கு ஆட்டக்களத்தில் என்ன வேலை என்று வினவும் பெற்றோர் பலரை நான் அறிவேன். அவர்களைக் கிண்டிக்கு அழைக்க விரும்புகிறேன். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920-இல் அங்குக் குடிபுகுந்த பொறியியற் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். வரைபலகையும் பட்டறையும் பகலை விழுங்கிவிடும் அக்கல்லூரியில்தான் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் பயின்று பொறியாளர் ஆயினர். இருவரும் பின்னர் இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமையும் தாங்கினர்.

கல்லூரி ஒன்று, ஆட்டமோ வேறு. வெங்கட்ராகவன் அளந்து வீசுபவர். 1965-இல் டெல்லியில் நியூஸிலாந்துக்கு எதிராக 12 விக்கெட்டுகளை வீழ்த்தியபோது அவருக்கு வயது 20 நிரம்பவில்லை. என்னைக் கேட்டால், மாணவப் பருவத்தினர் முதலில் அறியவேண்டிய செய்தி அதுவே. பிற்காலத்தில் நடுவராக 73 டெஸ்ட் ஆட்டங்களில் நின்றார்.

ஸ்ரீகாந்தோ அளவுகோலைத் தூர எறிந்தவர்! 1983 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஒரு காலை மண்டியிட்டு, ராபர்ட்ஸின் வேகப்பந்தை எல்லைக்கு விரட்டினார். அவர் எடுத்த 38 ஓட்டங்களே அன்று இரு தரப்பிலும் மிகுதி. சிறிய எண்தான், இந்தியா வென்றதும் 43 ஓட்டங்களில்தானே!