விலை கொடுத்து வாங்குங்கள், படித்து வாதாடுங்கள்

(வாசகர் ஒன்றுகூடல் ஒன்றிற் சிறுகதை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சிறுகதை ஆசிரியன் என்ற முறையில் எனது அனுபவங்களைக் கூறுமாறு பணித்துள்ளீர்கள். கதை எழுதுவது எப்படி என்று போதிக்க நான் வரவில்லை. எழுதிய கதை எவ்வாறு நூலாகிறது, அந்நூல் யார் கையைச் சேர்கிறது, அங்கிருந்து அடுத்த கதை எவ்வாறு பிறக்கிறது என்னும் மூன்றையுமே சொல்ல விரும்புகிறேன். மூன்றும் ஒரே வாய்க்காலில் ஓடும் நீர். ஓரிடத்தில் அடைபட்டாற் பாத்திகள் யாவும் வாடிவிடும்.

ஈழத்திலே தமிழ்ச் சிறுகதை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் ஆகியோர் 1930களிலேயே எழுதத் தொடங்கிவிட்டனர். நா. பொன்னையா அவர்கள் 1930ஆம் ஆண்டு தொடங்கிய ஈழகேசரியும், 1946இல் தோன்றிய மறுமலர்ச்சியும் நம்மவர் கதைகளுக்கு இடமளித்தன. ஆனால், பத்திரிகையில் வந்த கதை நூலாவதற்குப் பட்ட பாடு வேறு. இலங்கையர்கோன் 1961இல் மறைந்தார். அவருடைய கதைகள் "வெள்ளிப் பாதசரம்" என்னும் தொகுதியாக வந்தது 1962இல். முன்னோடி ஒருவர் தமது தொகுதியைக் கையில் எடுத்துப் பார்க்காமலே போய்விட்டார்.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. நம்மிடையே பெரும்பாலும் எழுத்தாளனே வெளியீட்டாளன். அச்சகத்துக்குக் காசு கட்டுபவனும் அவனே. அச்சுப்படி திருத்துபவனும் அவனே. கட்டிய நூல்களை வீட்டுக்கு ஏற்றி வருபவனும் அவனே. 16 பக்கம் கொண்டது ஒரு பாரம் என்பதால், செலவு மிஞ்சாதிருக்கக் கடைசிக் கதையை விடுவதா வைப்பதா என்று கணக்குப் பார்ப்பவனும் அவனே. புத்தகசாலைகள் பிரதிகளை ஏற்பதுண்டு. ஆனால், விற்ற பின்னரே காசு, அதிலும் கழிவு போக மிகுதி. எனது முதற்றொகுதியை 2011ஆம் ஆண்டில் 500 பிரதிகள் அச்சிட்டேன். ஈராண்டு கழிந்த பின்னும் அவற்றில் ஒரு பகுதி வீட்டு அறையொன்றை நிறைத்துக் கிடந்தது.

கடதாசியின் கதை தனிக்கதை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் மாணவர் எழுதும் கோடிட்ட கொப்பித் தாளிலேகூட அச்சாயின. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மேல் மாகாணத்திலே பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே கடதாசியின்மையாற் பிற்போடப்பட்டன. இத்தகைய நாட்டில் ஒரு கதைத்தொகுதி வெளிவருவது சிறு காரியமன்று.

இவ்வளவும் செய்து முடித்தபின் வெளியீட்டு விழா வருகிறது. மங்கல விளக்கு, வாழ்த்துரை, ஆய்வுரை. பின்னர் முதற் பிரதியை வர்த்தகப் பெருமகன் ஒருவர் பெறுவார். ஏனையோர் கடித உறையிலே பணம் வைத்துக் கொடுத்துப் பிரதி பெறுவர். உறையில் விலையினும் கூடிய தொகை இருக்கும். அந்த அன்பை நான் இகழவில்லை; அச்சகக் கடனை அடைத்தது அதுதான். எனினும், திருமண வீட்டு மொய்யைப் போலக் கொடுக்கப்படும் அப்பணம் எழுத்தாளனுக்கு உதவியாகிறதேயன்றி, நூலுக்கு விலையாவதில்லை. கையொப்பம் பெற்ற பிரதி வீட்டு அலுமாரியிற் பத்திரமாக உறங்கிவிடுகிறது. சட்டத்தரணிகள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள் பலருக்கு அன்று கையொப்பமிட்டேன். பின்னர் கண்டபோது "விழா மிகவும் சிறப்பு" என்றார்கள். கதைகளைப் பற்றிப் பேசியவர் அரிது.

அன்று வந்தவர்களுள் ஒரு கமக்காரரும் இருந்தார். வெங்காயமும் புகையிலையும் செய்பவர். மேசைக்கு வந்து, "தம்பி, விலை எவ்வளவு?" என்று கேட்டார். "250 ரூபா, ஐயா" என்றேன். 500 ரூபாத் தாளைத் தந்துவிட்டு, கையொப்பம் முடியும்வரை பொறுத்து நின்று, "மிச்சக் காசைத் தாரும்" என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ, அன்று எனது நூலை ஒரு பண்டமாக, விலையுள்ள பொருளாக மதித்தவர் அவர் ஒருவரே என்று பட்டது.

மூன்று கிழமை சென்றதும் அவர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். தொகுதியிலுள்ள ஒரு கதையில், கடன்பட்ட ஒருவன் கிணற்றோடு கூடிய காணியை விற்றுவிடுகிறான். "அவன் நிலத்தை விற்றாலும் விற்பான், கிணற்றிற் தன் பங்கை விற்கமாட்டான்" என்றார் அவர். நான் எனது பாத்திரத்துக்காக வாதாடினேன். அவர் பங்குக் கிணற்றின் முறைகளை எடுத்துரைத்தார்: யாருக்கு எந்த நாள் இறைப்பு, முறை தவறினால் என்ன வழக்கு, சகோதரர் பேசாதிருந்தாலும் நீர் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்றெல்லாம். இருவரும் இணங்காமலே பிரிந்தோம். அந்த வாதத்திலிருந்து எனது அடுத்த கதை பிறந்தது.

கற்பனை எங்கிருந்து ஊறுகிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு இதுவே விடை. அது வானத்திலிருந்து இறங்குவதன்று. படித்துவிட்டு வாதாட வரும் வாசகரிடமிருந்து ஊறுவது.

டொமினிக் ஜீவா இதனை நன்கறிந்தவர். சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்தபடி எழுதிய அவரது "தண்ணீரும் கண்ணீரும்" சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் "மல்லிகை"யைத் தொடங்கி, பிரதிகளைத் தாமே சுமந்து தெருத்தெருவாக நடந்து விற்றார். இதழை வாங்கியவருடன் ஆசிரியரே நேரில் நின்று பேசினார். அந்த உறவே மல்லிகையைப் பல்லாண்டு வாழவைத்தது.

அன்பர்களே, 1956ஆம் ஆண்டுச் சட்டம் எம்மொழியை ஒதுக்கியபோது கொதித்தெழுந்தோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்டபோது கண்ணீர் வடித்தோம். அவ்விரண்டும் நியாயமானவை. ஆனால், எரிந்த நூலுக்கு அழும் மக்கள், எரியாத நூலைத் திறக்காமல் வைத்திருப்பது முறையாகுமா? மொழியுரிமையைச் சட்டத்தாற் பெறலாம்; மொழிக்கு வாசகரைச் சட்டம் தரமாட்டாது.

ஆகவே, நான் கேட்பது அதிகமன்று. உறையைத் தவிருங்கள், விலையைக் கேளுங்கள். மிச்சக் காசு இருந்தால் வாங்கிச் செல்லுங்கள். படியுங்கள். உங்கள் வயலை, உங்கள் வழக்கை, உங்கள் வைத்தியசாலையைப் பற்றி நாங்கள் எழுதியதில் உங்களுக்கு உடன்பாடில்லாதது உண்டானால் வந்து வாதாடுங்கள். எங்கள் வீட்டுப் படலை திறந்தே இருக்கும்.