வளரும் வீடு

(பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த வளையைக் கட்டி முடிக்கும் உரிமையைக் குடியிருப்பவர் கையிலேயே விட்ட ஒரு கட்டிடக் கலைஞரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் பெயர் பாலகிருஷ்ண தோஷி.

1927-ல் பூனாவில், மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் படித்தார். 1951-ல் பாரிசுக்குப் போய், சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்தார். 1954-ல் அவருடைய கட்டிடங்களை மேற்பார்க்க ஆமதாபாத் வந்தார். அவற்றில் ஒன்று மில் முதலாளிகள் சங்கத்தின் கட்டிடம்! ஆனால் அதே ஆண்டில்தான், அடித்தட்டு மக்களுக்குத் தகுந்த வீடு கிடைக்கச் செய்வதே தன் ஆயுட்கால வேலை என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார்.

1962-ல் ஆமதாபாத்தில் கட்டிடக்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆசிரியரும் மாணவரும் படிக்கட்டில் அமர்ந்தும் விவாதிக்கும்படி அதைத் திறந்த வெளியாக அமைத்தார்.

இந்தூர் நகருக்கு வெளியே 1980-களில் 'ஆரண்யா' குடியிருப்பை வகுத்தார். சுமார் 6,500 மனைகள். அவற்றில் பெரும்பகுதி மிக ஏழைகளுக்கு. மனையில் அடித்தளம், கக்கூஸ், குளிக்குமிடம், ஒரு அறை. மீதியைக் கையில் காசு சேரச் சேரக் குடும்பமே கட்டிக்கொள்ளலாம். வசதியுள்ளவர்களுக்குப் பெரிய மனைகளை அதிக விலைக்கு விற்று, ஏழையின் சுமையைக் குறைத்தார்கள். திண்ணைக்கும், கடை போடவும், மாடி ஏற்றவும் இடம் இருந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள் எழுந்தன. கூரை கிடைத்தது, நல்லது. வலையை எங்கே விரிப்பது? கருவாட்டை எங்கே காய வைப்பது? மகனுக்குக் கல்யாணமானால் எந்த அறை? வரைபடம் போட்டவர்கள் இதைக் கேட்டார்களா?

ஏரியில் பாடு முறைப்படி, இன்ன நாள் இன்னாருக்கு இன்ன இடம் என்று கூடிப் பேசிப் பங்கிட்டுக் கொள்ளத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் வீட்டைப் பற்றிப் பேச உங்களுக்குத் தெரியாதா? ஆலைத் தொழிலாளியின் லயன் வீட்டுக்கும், விவசாயக் கூலியின் குடிசைக்கும் இதே கேள்விதான்.

2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் தோஷி. 2023 ஜனவரியில், 95-ம் வயதில் காலமானார். அவர் நல்ல வரைபடம் தந்தார். எந்தக் கலைஞனாலும் பட்டா தர முடியாது. அதைக் கேட்டுப் பெறுவது நம் வேலை. அடுத்த முறை சர்க்கார் அதிகாரி வரைபடத்தோடு வரும்போது, கையெழுத்துப் போடுமுன் ஊரைக் கூட்டுங்கள். தாய்மார்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அடுப்பு எங்கே, வலை எங்கே, தண்ணீர் எங்கே, பட்டா யார் பெயரில் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.