சேணம் பேணுதல்



குதிரை வாயில்லா உயிர். மெய்யிற் புண்பட்டால் முறையிட அதற்கு மொழியில்லை. அப்புண்ணைச் சாட்டை மட்டுமன்று, துடையாது விட்ட சேணமும் உண்டாக்கும்.

குதிரையின் வியர்வை உப்பு மிக்கது. ஓடிவந்த குதிரையின் வயிற்றுவார் காய்ந்ததும் உப்பும் அழுக்கும் உதிர்ந்த மயிரும் ஒன்றுபட்டு அரம்போல் இறுகும். மறுநாள் அதனையே இழுத்துக் கட்டின், ஒவ்வோர் அடிக்கும் அது தோலை அராவும். ஆதலின் நல்ல குதிரைப் பாகன் முதலிற் குதிரையை ஆற்றி நீரூட்டுவான். அடுத்துச் சேணத்தைத் துடைப்பான். தன் பசியை அதன் பின்னரே எண்ணுவான்.

துடைக்கும் முறை கேண்மின். வார்ப்பூட்டுகள் அனைத்தையும் கழற்றுக. நன்கு பிழிந்த ஈரத்துணியால் உப்பையும் அழுக்கையும் போக்குக. நீரில் அமிழ்த்தலாகாது. சேணத்திற்கென்றே செய்த வழலையைச் சிறிதே தொட்டு, நுரை மிகாமல் தேய்க்க. பின்னர் நிழலிற் காற்றாட விடுக. வெயிலும் அடுப்பனலும் தோலின் நெய்ப்பசையைப் போக்கி, அதனை வெடிக்கச் செய்யும். சற்றே ஈரம் எஞ்சியிருக்கையில் எண்ணெயை மெல்லெனத் தடவுக. மிகுதியாகத் தடவின் தோல் தளர்ந்து நீளும், தையலும் நெகிழும்.

சேணத்தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றாற் பதனிட்டது. தமிழகத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டை பயன்பட்டது. அங்ஙனம் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து கப்பலேறி இலண்டன் அங்காடிக்குச் சென்றது. பட்டையின் துவர்ப்பும் இரும்பின் துருவும் ஈரத்திற் கூடினாற் கருமை தோன்றும். கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை காய்ச்சிய முன்னோர் இதனை அறிவர். ஆகவே ஈரச் சேணத்தைத் துருவேறிய ஆணியில் மாட்டலாகாது. கொட்டிலில் வைத்தலும் தகாது. சிறுநீரினின்று எழும் நவச்சார ஆவி தோலைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிற் பூஞ்சணம் பூக்கும். அக்காலத்துச் சேணத்தை மூடிவையாது, நாள்தோறும் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. அங்கவடியைத் தாங்கும் வாரின் மடிப்பு, வயிற்றுவாரின் பூட்டுத்துளை, கடிவாளத்தொடு வார் சேரும் தையல் ஆகிய மூவிடத்தும் இழுவை மிகுதி. அவ்விடங்கள் பூட்டிலும் மடிப்பிலும் மறைந்திருப்பதால், மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்குப் புலனாகா. துடைக்கும் விரலே அங்குள்ள வெடிப்பைக் கண்டறியும். மெருகிட்ட சேணம் மேலே மின்னும். உள்ளே ஒரு தையல் இற்றிருக்கும். விரைந்தோடுங்கால் அவ்வார் அறுமாயின், வீழ்ந்தவன் எழுவது உறுதியன்று. எனவே துடைத்தல் என்பது அழகுபடுத்துதலன்று; நாள்தோறும் செய்யும் உயிர்க்காப்பு.

கலணை, கடிவாளம், அங்கவடி, வார் எனப் பெயர்கள் தமிழில் வழங்கி வந்துள்ளன. தொழில் பழகும் இளைஞனுக்கு அவற்றை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டிச் சொல்லித் தருக. பெயரறியாத உறுப்பை எவனும் தேடிப் பாரான். பெயர் நாவில் நின்றால், விரலும் தவறாது அவ்விடத்திற்குச் செல்லும். வாயில்லா உயிர்க்கும் அதன்மேல் அமர்வோனுக்கும் அவ்விரலே காவல்.